கட்டுவிரியன் கடந்த கடல்

சைனாடவுனின் ஸ்மித் ஸ்திரீட்டுக்கும் கெப்பல் துறைமுகத்துக்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவே உள்ளது. 1943ஆம் ஆண்டில் இவ்விரண்டு இடங்களின் வரலாற்றையும் ஒரு மீன்பிடிப் படகு பிணைத்தது.

ஜப்பானில் கட்டப்பட்ட அப்படகின் பெயர் கொஃபுக்கு மாரு. நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். போர் மூண்டதும் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் அதனைக் கைப்பற்றினர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்த நாள்களில், பில் ரெனால்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியர் அதனைச் செலுத்தி, சுமத்திராவின் கிழக்குக் கரையோரம் கப்பல் உடைந்து தவித்த 1,100க்கும் மேற்பட்டோரை மீட்டார். பின்னர் அது இந்தியாவை அடைந்து, அங்கிருந்து ஆஸ்திரேலியா சென்றது. சூட்டப்பட்ட புதிய பெயர் கிரெய்ட். நம் மொழியில் கட்டுவிரியன்.

1943 செப்டம்பர் 2 அன்று ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து 14 பேருடன் அது புறப்பட்டது. தலைவர் மேஜர் ஐவன் லயன். படகைச் செலுத்தியவர் டெட் கார்ஸ். ஜப்பானியக் கடற்படையின் காவல் வளையத்தை வன்மையால் உடைக்க அவர்களிடம் படைக்கலம் இல்லை. ஆகவே தோற்றத்தையே கருவியாகக் கொண்டனர். உடலில் பழுப்புச் சாயம் பூசி, சாரம் உடுத்தி, ஜப்பானியக் கொடியை ஏற்றினர். குப்பையைக் கடலில் எறியவும் தடை. மிதக்கும் ஒரு பொருளே காட்டிக்கொடுத்துவிடக்கூடும். இத்தகைய மாறுவேடம் கடற்போரில் புதிதன்று. சென்னையைத் தாக்கியதால் தமிழ்ப் பேச்சிலேயே இடம்பெற்றுவிட்ட எம்டன் கப்பலும், 1914இல் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்திக்கொண்டுதான் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தது.

லொம்போக் நீரிணையைக் கடந்து, சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள தீவொன்றில் அறுவர் மூன்று மடக்குப் படகுகளுடன் இறங்கினர். செப்டம்பர் 26 இரவு துடுப்பு வலித்துச் சென்று, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகளைக் கப்பல்களின் அடிப்புறத்தில் பொருத்தினர். விடியலுக்கு முன் வெடியோசை கேட்டது. ஆறு அல்லது ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமுற்றன. திரும்பும் வழியில், அதே நீரிணையில் ஜப்பானியக் காவற்கலம் ஒன்று அருகில் வந்து சிறிது நேரம் உடன் சென்று, பின் விலகியது. அக்டோபர் 19 அன்று 14 பேரும் உயிருடன் கரை சேர்ந்தனர்.

வீரக்கதைகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகின்றன. சிங்கப்பூரில் இருந்து வரலாறு பயிலும் நாம் அவ்வாறு முடிக்க இயலாது.

வெளியிலிருந்து எவரும் உள்ளே வந்திருக்க இயலாது என்றே கெம்பெய்தாய் காவற்படை நம்பியது. சாங்கிச் சிறையிலிருந்த ஐரோப்பியக் கைதிகளும் நகர மக்களும் கூடிச் செய்த சதி என்று முடிவுகட்டி, அக்டோபர் 10 முதல் கைது நடவடிக்கையில் இறங்கியது. அதாவது, படகு ஊர் திரும்புவதற்கு முன்பே. சிறைபிடிக்கப்பட்ட 57 பேரும் ஆர்ச்சர்ட் ரோடு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்திலும், சவுத் பிரிட்ஜ் ரோட்டின் மத்தியக் காவல் நிலையத்திலும், ஸ்மித் ஸ்திரீட்டிலும் வதைக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர். சிற்றுண்டிச்சாலை நடத்திவந்த எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் அடைபட்டிருந்தார்.

நேச நாடுகளோ தம் செயலை வெளியிடவில்லை. அதே வழியை மீண்டும் பயன்படுத்த எண்ணியதே காரணம். போர்த்தந்திரமாக அது பொருந்தலாம். ஆயினும் அந்த மௌனத்தின் விலையை அதனை அறியாதவர்களே செலுத்தினர் என்பது என் கருத்து. 1944இல் லயன் தலைமையில் மீண்டும் சென்ற 23 பேரில் எவரும் திரும்பவில்லை.

1946இல் கெம்பெய்தாயினர் 21 பேர் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டு, எண்மர் மரண தண்டனை பெற்றனர். கட்டுவிரியன் இன்று சிட்னியில், ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது.