காவல் நிலையத்துக் கேமராவும் ஒரு நாள் கணக்கும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் தாம்பரம் வீட்டுக்கு வந்தான். வாகனச் சோதனையில் வாக்குவாதம், நிலையத்துக்குக் கூட்டிப்போய் அடித்தார்கள் என்றான். காது வீங்கியிருந்தது. "டீச்சர், அங்க கேமரா இருக்கு. கேஸ் போட்டா அந்தப் பதிவு தானா கோர்ட்டுக்கு வந்துடும்ல?"

வராதுப்பா என்றேன். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஒடிசாவில் நீலாபதி பெஹரா என்ற தாய் 1988-ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். காவலில் இருந்த மகன் மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். உடம்பிலிருந்த காயங்கள் வேறு சொல்லின. 1993-ல் ₹1,50,000 இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம். அப்போது கேமரா ஏது?

சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது. 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரம். செல்போன் கடை நடத்திய ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாளில் இருவருமே இல்லை. மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. அதன் உத்தரவில் நிலையத்துக்குப் போன மாஜிஸ்திரேட் பார்த்தது இது: ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், இடம் தாராளம். ஆனாலும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து வாய் திறந்ததால் உண்மை தப்பியது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ல், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நீதிபதி நரிமன் அமர்வு எல்லா நிலையங்களிலும் ஒலியோடு கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் காக்க வேண்டும். முடியாவிட்டால் ஓராண்டாவது. பாதிக்கப்பட்டவருக்குப் பதிவைப் பத்திரப்படுத்தக் கேட்கும் உரிமை உண்டு என்று வாசலில் உள்ளூர் மொழியிலும் பலகை வைக்க வேண்டும். உங்கள் ஊர் நிலையத்தில் இருக்கிறதா, பாருங்கள்.

இனி சிவில் வழக்கு. 1908-ம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 11 படி, எதிர்த்தரப்பின் கையிலுள்ள ஆவணத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வீடியோவும் ஆவணம்தான். ஆனால் அரசு மீது வழக்குப் போட, பிரிவு 80 படி முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். சாத்தான்குளத்தில் அழிய ஒரு நாள் போதுமாயிருந்தது!

எட்டாம் வகுப்பில் இவனுக்கு அடிப்படை உரிமைகளை நடத்தினேன். மனு எழுத நடத்தவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து நடத்தினேன். தேதி, நேரம், எந்த அறை என்று குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று நிலையத்துக்கும் கமிஷனருக்கும் ஆளுக்கொரு மனு. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார். ஆணையம் பதிவை உடனே வரவழைத்து வைக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்று. அரசு மருத்துவமனைச் சீட்டும் எடுக்கச் சொன்னேன்.

நேற்று தபாலில் சேர்த்துவிட்டு ரசீதைப் படம் பிடித்து அனுப்பினான். சம்பவம் நடந்து அது ஒன்பதாவது நாள்.