முதலில் வந்து சேர்பவர் கையில் நம் வழக்கு

தோழர்களே, 1989-ஐ நாம் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது அந்த ஆண்டில்தான். காயம்பட்டவருக்கு உடனே சிகிச்சை தருவது அரசு, தனியார் மருத்துவர் அனைவரின் கடமை, போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்கக் கூடாது என்று பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே ஆண்டில்தான். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து பல வன்கொடுமைகளில் போலீசுக்கு முன்பே இடத்துக்கு வருபவர் ஆம்புலன்ஸ் ஊழியர்தான்.

2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை போலக் காட்ட முயன்றார்கள். விசாரணையில் முக்கிய சாட்சியே பிறழ்ந்தார். ஆனாலும் திருச்செங்கோடு கோயில் கேமரா பதிவு போன்ற தடயங்கள் நின்றன. 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சியை மிரட்டலாம், விலைக்கு வாங்கலாம். கெடாமல் காத்த தடயத்தை அப்படிச் செய்ய முடியாது.

எனவே நாம் கேட்பது இதுதான். உயிர் இருந்தால் உயிர்தான் முதல். எந்தத் தடயமும் அதற்குப் பிறகே. சட்டையைக் கத்தரிக்கும்போது கத்திக் கிழிசலின் வழியாக வெட்டக் கூடாது. ரத்தம் தோய்ந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் அழுகும். காகிதப் பையே சரி. தூக்குக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்காமல் வேறிடத்தில் அறுக்க வேண்டும். எதையாவது நகர்த்தினால் அதைக் குறித்துப் போலீசிடம் சொல்ல வேண்டும். உயிர் போனது உறுதியென்றால் உடலைத் தொடாமல், கூட்டத்தை விலக்கி நிறுத்த வேண்டும்.

காயம்பட்டவர் பேசுவதை அவர் வார்த்தையிலேயே எழுதி வைக்க வேண்டும். தன் மரணத்துக்கான காரணம் பற்றி ஒருவர் சொன்னது, கேட்டவர் யாராக இருந்தாலும், சாட்சியமாகும். 1872-இன் சாட்சியச் சட்டம் அப்படிச் சொன்னது. இன்றைய சட்டமும் அதையே சொல்கிறது.

பழவேற்காட்டில் இது நமக்கு இன்னும் அவசரம். ஏரியில் பாடு உரிமை இல்லாத தலித் மீனவர்களுக்கும் பாடு வைத்திருக்கும் ஊர்களுக்கும் இடையே நெடுநாள் பகை உண்டு. பொன்னேரி அரசு மருத்துவமனைக்கே ஏறத்தாழ 20 கி.மீ. போக வேண்டும். அந்த வழியில் ஆம்புலன்சுக்குள் நடப்பது வழக்கின் பாதி. மாணவர்களே, உங்கள் பகுதி 108 ஊழியர்களைச் சந்தியுங்கள். இதைப் பற்றிப் பேசுங்கள். அவர்களில் பலர் நம் பிள்ளைகள்தான்.