செட்டிநாடுன்னா செட்டியார் மட்டும்தானா?

செட்டிநாடுங்கிறது தனி மாவட்டம் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் 70-க்கும் மேற்பட்ட ஊர்கள்; ஒருகாலத்தில் 96 என்பார்கள். காரைக்குடிதான் பெரிய ஊர்.

வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும்தான் கதி. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கைனு போய் வட்டித்தொழில் செய்து, பர்மா தேக்கில் மாளிகை கட்டினாங்க. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிக்க, அந்த வரவு படுத்துடுச்சு.

ஆனா, அந்த வீட்டுத் தரையில் ஜொலிக்கிற கல்லைக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பவர்கள் ஆத்தங்குடித் தொழிலாளர்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலை, காரைக்குடி நெசவாளர்களின் உழைப்பு. இன்னிக்குப் பல மாளிகைகள் கல்யாணம், படைப்புக்கு மட்டுமே திறக்கும். மத்த நாள்ல பெருக்கிக் கூட்டி, சாவியைப் பத்திரமா வெச்சிருக்கிறதும் உள்ளூர்க்காரங்கதான்.