மாமல்லைத் துறையில் இறங்கிய இளவரசன்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, தி. சதாசிவத்துடன் இணைந்து 1941இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது, இதழ்தோறும் சில அத்தியாயங்களாக வளரும் தொடர்கதை என்னும் வடிவில் எழுதிய ‘பார்த்திபன் கனவு’, 1943 வரை வெளிவந்து, தமிழ்ச் சாகசப் புனைவுக்கு மாமல்லபுரத்தைக் களமாக்கியது. பல்லவரிடம் தந்தையை இழந்து, செண்பகத்தீவு என்னும் கற்பனைத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கே அரசனாகும் சோழ இளவரசன் விக்கிரமன், அந்த அரியணையிலும் மனம் நிலைகொள்ளாமல், தாயையும் காவிரிக் கரையையும் நாடி, இரத்தின வியாபாரியாக வேடமிட்டு மாமல்லபுரத் துறைமுகத்தில் வந்திறங்குகிறான். ஆட்சி கிடைத்த மண்ணுக்கும் பிறந்த மண்ணுக்கும் இடையே அவன் படும் தவிப்பே, மாறுவேடங்களையும் கதையில் வரும் மர்மச் சிவனடியாரையும் விட, இக்கதையின் உயிர் எனலாம்.

1944 முதல் 1946 வரை வந்த ‘சிவகாமியின் சபதம்’ அதற்கு முந்தைய காலத்துக்குச் சென்று, 642ஆம் ஆண்டளவில் பல்லவர் நிகழ்த்திய வாதாபிப் படையெடுப்பையும், பெரியபுராணம் சிறுத்தொண்டராகப் போற்றும் பரஞ்சோதியையும் கதைக்குள் கொணர்ந்தது. செங்கல்பட்டு வழியாக மாமல்லை எனப்படும் மாமல்லபுரத்துக்குச் செல்லும் வாசகர் பலர் கடற்கரைக் கோயிலையே இக்கதைகளின் பின்னணியாக எண்ணுகின்றனர். ஆயினும் கட்டுமானக் கோயிலான, அதாவது பாறையைக் குடையாமல் கல்லடுக்கி எழுப்பப்பட்ட அக்கோயில், இக்கதைகளின் பல்லவ மன்னன் மாமல்லனுக்குப் பின் ஆண்ட இராஜசிம்மன் காலத்தது. விக்கிரமனின் காலத்துக்கு நெருக்கமான சான்றுகளைத் தேடும் வாசகருக்குக் குடைவரைகளும் ஒற்றைக்கல் இரதங்களுமே உரியவை.