காணாத கோளும் திருந்திய விதியும்

கணக்கு ஒத்துவராதபோது இருவழிகள் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று விடுபட்டுள்ளது எனக் கொள்ளலாம். அன்றேல் கணக்கின் விதியையே ஐயுறலாம். வானியல் வரலாறு இவ்விரு வழிகளிலும் நடந்து பார்த்திருக்கிறது.

யுரேனஸ் கோள், நியூட்டனின் ஈர்ப்பு விதி காட்டிய பாதையிலிருந்து சற்றே விலகிச் சென்றது. அப்பாலுள்ள வேறொரு கோள் அதனை இழுக்கிறது எனப் பிரெஞ்சு அறிஞர் லெவெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவில், அவர் சுட்டிய இடத்திற்கு ஒரு பாகை தொலைவிற்குள்ளாகவே நெப்டியூனைக் கண்டார் பெர்லின் வானாய்வகத்தின் காலே. 1859இல் அதே லெவெரியே புதன் கோளின் பாதையிலும் ஒரு பிறழ்வை எடுத்துரைத்து, கதிரவனுக்கருகே காணப்படாத பொருள் இருக்கவேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் இட்டனர். பல்லாண்டு தேடியும் வல்கன் அகப்படவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு அப்பிறழ்வை விளக்கியது. இம்முறை திருந்த வேண்டியிருந்தது விதியே.

இன்று அதே வினா விண்மீன் மண்டலங்களின் அளவில் எழுந்துள்ளது. மண்டலத் திரள் ஒன்றில் கண்ணுக்குத் தெரியும் பொருள் போதவில்லை என்பதை 1933இல் சுவிக்கி கண்டார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்திரொமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்டனர். விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் குறைய வேண்டிய வேகம், எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஒளி வீசாத கரும்பொருள் ஒன்று அங்கே சூழ்ந்துள்ளது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிபு. ஆனால் 1983இல் இஸ்ரயேல் நாட்டின் மில்க்ரோம், ஈர்ப்பு மிக நலிந்த இடங்களில் நியூட்டனின் விதியே மாறுபடுகிறது என்றார். நாம் பூமியில் உணரும் ஈர்ப்பில் ஏறத்தாழ எண்ணாயிரம் கோடியில் ஒரு பங்கே அவர் குறித்த எல்லை.

தனித்தனி மண்டலங்களின் சுழற்சியை அவர் கருத்து வியக்கத்தக்கவாறு விளக்குகிறது. மண்டலத் திரள்களிலோ அது போதவில்லை. மறுபுறம், நிலத்தடிச் சுரங்கங்களில் பல்லாண்டாகக் காத்திருக்கும் நுண்கருவிகளுக்கு அனைவரும் ஏற்கத்தக்க கரும்பொருள் துகள் எதுவும் இன்னும் சிக்கவில்லை.

“காணாத பொருளை அறிவியலே ஏற்கிறது, காணாத கடவுளை ஏற்பதில் என்ன தடை?” என்று மறையுரையில் கேட்கும் ஆவல் நமக்கு எழலாம். அதைத் தவிர்ப்பதே நலம். கரும்பொருள் உண்டெனினும் அது படைப்பின் ஒரு கூறு. படைத்தவருக்குச் சான்றாக நிறுத்தத் தக்கதன்று. நாளை அது வல்கனைப்போல் மறைந்தால், அதன்மேல் சாய்த்து வைத்த விசுவாசமும் சரியும்.

1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், அண்டத்தின் தொடக்கம் பற்றிய அறிவியல் கருத்தைப் படைப்போடு இணைத்துப் பேசினார். அக்கருத்துக்கு வித்திட்டவரே பெல்ஜிய நாட்டுக் குருவான லெமெய்த்ர். அவருக்கு அந்த இணைப்பில் உடன்பாடில்லை. தம் கோட்பாடு சமய வினாக்களுக்குப் புறம்பானது என்பதே அவர் நிலை. குருத்துவத்தையும் ஆய்வையும் ஒருசேர நேசித்தவர், ஒன்றை மற்றதற்கு முட்டுக்கொடுக்க அழைக்கவில்லை.

அன்பர்களே, இவ்வழக்கின் தீர்ப்பு எப்படி அமைந்தாலும் நாம் கலங்க வேண்டுவதில்லை. கரும்பொருள் கிட்டினாலும், ஈர்ப்பு விதி திருந்தினாலும், படைப்பை இன்னும் சற்றுத் தெளிவாய்க் கண்டதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.