படகுக் கணக்கும் கூடைக் கணக்கும்

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்திறங்கின. எந்த ஊருக்கு என்ன தேவை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் சிஃப்ஸும் சிநேகாவும் முன்னின்று ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. பணம் வைத்திருந்தவர்களுக்கும் கடலோர ஊர்களுக்கும் நடுவே நின்ற ஆலோசகர் அது.

இந்த வரலாற்றில் நான் கேட்பது ஒன்றுதான்: ஊர் என்று யாரைக் கேட்டார்கள்? பட்டியல் தந்தது ஊர்ப் பஞ்சாயத்து. அதில் பெண்கள் இல்லை. இழப்பு படகாகவும் வலையாகவும் எண்ணப்பட்டது. கரையில் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து, தெருத்தெருவாக விற்றவளின் முதலும் கடலோடுதான் போனது. ஆனால் கூடைக்குப் பதிவு எண் கிடையாது. ஆண் துணையற்ற பெண்ணோ பட்டியலில் பெயர் ஏறவே போராட வேண்டியிருந்தது.

சுனாமிக்கு முன்பே மீனவப் பெண்களைச் சங்கங்களாகத் திரட்டியிருந்தது சிநேகா. அதனால்தான் அவர்களுக்காகப் பேச மையத்துக்குள் ஆள் இருந்தது. 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 172, புது வீடுகளை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிவுசெய்யச் சொன்னது. வீட்டில் அவள் பெயர் ஏறியது, தொழிலில் ஏறவில்லை.

நிதி கேட்கும் எந்தத் திட்டத்திலும் முதலில் நிரப்ப வேண்டியது 'பயனாளி யார்' என்ற இடம். அதை எழுதப் போகிறவர் அதற்குமுன் ஒரு காலைப்பொழுது மீன் சந்தையில் உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்பேன்.