நாகரிகம் கற்பிக்க வந்தவர்களும் அல்ஜீரியாவின் வக்ஃபுகளும்

1885 ஜூலை 28 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் முன்னாள் பிரதமர் ஜூல் ஃபெர்ரி, கடல்கடந்த நாடுகளைப் பிடித்து ஆள்வதற்கு மூன்று நியாயங்களை எடுத்துரைத்தார். ஆலைப் பொருள்களுக்குச் சந்தை தேவை. போர்க்கப்பல்கள் நிலக்கரி நிரப்பத் துறைமுகங்கள் தேவை. 'உயர்ந்த' இனங்களுக்குத் 'தாழ்ந்த' இனங்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு. முதலிரண்டும் வெளிப்படையான சுயநலம். மூன்றாவதே கொடியது, அது அபகரிப்பைத் தர்மமாகக் காட்டியது.

அந்த நியாயத்தை உரசிப் பார்க்க அல்ஜீரியா ஒன்றே போதும். 1830 ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் நகரம் சரணடைந்தபோது, மக்களின் மார்க்கத்திலும் சொத்திலும் கைவைப்பதில்லை எனப் பிரெஞ்சுத் தளபதி எழுத்தில் உறுதியளித்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே வக்ஃபு சொத்துகளைக் கைப்பற்றும் ஆணைகள் வெளிவந்தன. 1832இல் கெச்சாவா பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது. வக்ஃபு வருமானத்தை நம்பியிருந்த மத்ரஸாக்கள் நலிந்தன.

இதற்குச் சாட்சி நம்மவர் மட்டுமல்லர். அல்ஜீரியாவைப் பிரான்சு ஆளவேண்டும் என விரும்பிய அறிஞர் தோக்வில், தாங்கள் வந்தபின் முஸ்லிம் சமூகம் முன்னிலும் அறியாமையில் ஆழ்ந்துவிட்டது என 1847ஆம் ஆண்டு நாடாளுமன்ற அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார். அதன் பின்னரும், 38 ஆண்டுகள் கழித்து, அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் ஃபெர்ரி நாகரிகக் கடமை பேசினார். உறுப்பினர் கிளெமான்சோ அவரை மறுத்தார்: 1870ஆம் ஆண்டுப் போரில் தோற்ற பிரெஞ்சுக்காரரையே ஜெர்மானிய அறிஞர்கள் தாழ்ந்த இனம் என்றனரே எனச் சுட்டிக்காட்டினார்.

அழிந்த கல்வியை மீட்க, 1931இல் அப்துல் ஹமீது பின் பாதிஸ் தலைமையில் உலமாக்கள் சங்கம் அமைத்துப் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினர். 1962இல் நாடு விடுதலை பெற்றது. கெச்சாவா மீண்டும் பள்ளிவாசலாயிற்று.

ஆயினும் அந்த வாதம் மடியவில்லை. கடல்கடந்த ஆட்சியின் நன்மைகளைப் பாடத்திட்டம் ஏற்கவேண்டும் எனப் பிரான்சு 2005இல் சட்டமியற்றியது. கடும் எதிர்ப்புக்குப் பின் மறு ஆண்டு அப்பகுதி நீக்கப்பட்டது.

அந்நியர் சாலையும் ரயிலும் தந்தனர் என நம் பிள்ளைகளும் படிக்கின்றனர். அவர்கள் வருமுன் அங்கு என்ன இருந்தது, யாருடைய சொத்து பறிபோனது என்று கேட்க அவர்களைப் பழக்குவோம். குழப்பம் விளைவித்துக்கொண்டே தம்மைச் சீர்திருத்துவோர் எனச் சொல்லிக்கொள்வோரைக் குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் அடையாளம் காட்டுகிறது. அந்த எச்சரிக்கை நமக்கும் உரியது. நன்மையின் பெயரால் அநாதையின் பங்கிலோ வக்ஃபு நிலத்திலோ நாம் கைவைத்தாலும், அது அதே வாதமே. அல்லாஹ் நம்மைக் காப்பானாக.